ஒட்டிக்கொண்ட இரண்டு லேபிள்கள்

இந்த ஊரில் எனக்குக் கத்தரிக்கோல் பிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். நர்ஸாகத்தான் இங்கிலாந்துக்கு வந்தேன். முதுகுவலி கண்டபிறகு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். உயிரணு ஒன்றின் புகைப்படத்தை எடுத்து, அதிலிருக்கும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெட்டி, உயரவாரியாக ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்ட வேண்டும். ஓர் ஆளுக்கு நாற்பத்தாறு, அதாவது இருபத்துமூன்று ஜோடி. சீமையில் ஏதோ பெரிய உத்தியோகம் பார்க்கிறாள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். சாத்தூரில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறார்களே, அதே வேலைதான். பசை மட்டும் வேறு. நம்முடைய மைதாப் பசைக்கு எறும்பு வரும். இந்தப் பசையை எறும்புகூட எட்டிப் பார்ப்பதில்லை.

என் தங்கை கிரேஸும் லேபிள் ஒட்டுவாள். எனக்குப் பதினான்கு வயதானபோது பிறந்தவள். மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் கண்கள், வாய்க்குள் அடங்காத நாக்கு. நான்கு வயதில்தான் நடந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியவில்லை என்பதால் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். ஈரத்தில் இரண்டு லேபிள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவளுக்குப் பிரிக்கத் தெரியாது. இரண்டையும் ஒரே பெட்டியில் ஒட்டிவிடுவாள். கடைசியில் ஒரு பெட்டி லேபிள் இல்லாமல் மொட்டையாக நிற்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுவாள். எதற்கும் அழாதவள் அதற்கு மட்டும் அழுவாள்.

அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அம்மா மட்டும் கிரேஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பிள்ளைய நான் வச்சிருக்கேன், நீங்க போயிட்டு வாங்க டீச்சர்" என்று யாராவது கை நீட்டுவார்கள். "இருக்கட்டும்மா, என்னைய விட்டா அழுவா" என்பாள். கிரேஸ் யார் மடியிலும் சிரித்துக்கொண்டு இருக்கும் பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

எழுந்து போகாததன் காரணத்தை, நான் கப்பலேறப் புறப்பட்ட அன்றுதான் அம்மா சொன்னாள். சாத்தூர் ஸ்டேஷனில் மதராஸ் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தோம். "இவ மூணு மாசமா வயித்துல இருந்தப்ப, கலைக்கணும்னு கலப்பைக் கிழங்கத் தின்னுட்டேன் தாயி. நீ சடங்காகி ஆறு மாசங்கூட ஆகல. நாப்பத்திமூணு வயசுல வயித்தத் தள்ளிக்கிட்டு உன் முகத்துல எப்படி முழிக்கன்னு நெனச்சேன். மூணு நாள் சாகக் கெடந்தேன். இவ போகல. இப்படி வந்து பெறந்துட்டா." வண்டி வந்துவிட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

இந்தக் கூடத்தில் ஒருநாள் வெட்டி முடித்தபோது என் கையில் ஒரு துண்டு மிஞ்சியது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு. சின்னதில் ஒன்று கூடுதல். பக்கத்து மேசை மார்கரெட் எட்டிப் பார்த்து, மங்கோலியக் குழந்தை என்றாள். இப்படி ஒன்று கூடுதலாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இங்கே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். கோப்பிலிருந்த குழந்தையின் படத்தைக் காட்டினாள். கிரேஸே அங்கிருந்து பார்ப்பதுபோல இருந்தது. "என் தங்கை இப்படித்தான் இருப்பாள்" என்றேன். "உங்கள் நாட்டில் நிறையப் பேருக்கு இந்த மாதிரிக் கண் இருக்குமோ?" என்றாள் மார்கரெட். நான் மிஞ்சிய துண்டுக்குப் பசை தடவினேன்.

எங்கள் டாக்டர் பொறுமைசாலி. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உயிரணு பிரியும்போது, புரதத்தாலான மெல்லிய இழைகள் குரோமோசோம்களைப் பிடித்து, இந்தப் பக்கத்துக்கு இத்தனை, அந்தப் பக்கத்துக்கு இத்தனை என்று இழுத்து நிறுத்துகின்றன. கணக்குப் பிசகாமல் காப்பது அவைதான். நாங்கள் சேர்க்கும் கொல்கிசின் என்ற மருந்து அந்த இழைகளைக் குலைத்துவிடும். குரோமோசோம்கள் எந்தப் பக்கமும் போக முடியாமல் நடுவழியில் நிற்கும். அப்போது படமெடுத்து எண்ணுகிறோம். "இந்த மருந்து உங்கள் நாட்டில் வேலியில் படரும் ஒரு கொடியிலும் உண்டு" என்று ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். தாயில்பட்டிப் பக்கம் ஐப்பசி மழைக்கு வேலியெல்லாம் பூக்குமே, மஞ்சளும் சிவப்புமாக, அதே பூ. அதன் கிழங்குதான் கலப்பைக் கிழங்கு.

அப்படியானால் அம்மா சொன்னது சரிதானா? மூன்றாம் மாதத்தில் ஒரு தாய் அதைத் தின்றிருந்தால் பிள்ளை இப்படிப் பிறக்குமா என்று, வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோலக் கேட்டேன். டாக்டர் இல்லையென்று தலையை அசைத்தார். இந்தப் பிசகு கரு உண்டாவதற்கு முன்பே, பெரும்பாலும் தாயின் கருமுட்டையிலேயே நடந்துவிடுகிறது. வயதான தாய்மாருக்கு அதிகம் நேர்கிறது. மூன்றாம் மாதத்தில் எதைத் தின்றும் அதை உண்டாக்க முடியாது என்றார். அன்றைக்கே அம்மாவுக்கு எழுதினேன். இரண்டு தீப்பெட்டி வரைந்து, ஒன்றில் இரண்டு லேபிளும் மற்றது மொட்டையாகவும் போட்டேன். 'ஒட்டிக்கொண்ட லேபிள் பிரியவில்லை, அவ்வளவுதான் அம்மா. நீ கிழங்கைத் தொடுவதற்கு முன்பே அது நடந்துவிட்டது. இனி திருவிருந்துக்கு எழுந்து போ' என்று எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. டீச்சர் எழுத்து, ஓர் அடித்தல் இல்லை. 'படம் விளங்கியது. என்னால் வந்ததில்லை என்றாய், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அவள் வேண்டாம் என்று தின்ற வாய் என்னுடையதுதானே. அந்த வாயால் எப்படி அப்பம் வாங்குவேன்? கிரேஸ் சுகம். நீ வரைந்த படத்தை யாருக்கும் தராமல் வைத்திருக்கிறாள்.'

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிரேஸ் வயிற்றிலிருந்த அந்த நாட்களில் அம்மா காலையில் வாந்தியெடுப்பதைப் பார்த்து விஷயம் புரிந்ததும், அவளோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போவதை நான் நிறுத்தினேன். பத்தடி முன்னால் நடப்பேன். அம்மா கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் கிழங்கைத் தேடிப் போனாள்.

போன மழைக்காலத்தில் கிரேஸ் இறந்துவிட்டாள். பிறந்ததிலிருந்தே இதயம் பலவீனம். கடிதம் என் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து பத்து நாளாகியிருந்தது. அம்மா இப்போதும் திருவிருந்துக்கு எழுவதில்லை என்றும், மடியில் பிள்ளை இல்லாததால் யாரும் கை நீட்டிக் கேட்பதில்லை என்றும் பக்கத்து வீட்டு அக்கா எழுதியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு இங்கே கோவிலுக்குப் போனேன். ஒரு வயதான அம்மாள் வந்து, பக்கத்து இடத்துக்கு ஆள் உண்டா என்று கேட்டார். என்னையறியாமல் "என் தங்கை" என்று சொல்லிவிட்டேன். அவர் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். நானும் பாதி எழுந்தேன். அன்று பத்தடி முன்னால் நடந்த கால் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முடிந்து வெளியே வரும்போது அந்த அம்மாள் என் கையைத் தொட்டு, "பாவம், உன் தங்கை வரவே இல்லையே" என்றார்.

"அவ அம்மா மடியில இருக்கா" என்றேன், தமிழில். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.