கன்னியம்மாள் வீட்டுப் பரங்கி வண்டு

வானகரத்தில் பரங்கிக்கொடி போடாத வீடு கிடையாது. அதைச் சிவப்பு வண்டு தின்னாத வீடும் கிடையாது. விடியற்காலையில், இலையில் பனி ஈரம் இருக்கும்போது வண்டுகள் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும். அப்போதே பொறுக்கி, கிருஷ்ணாயில் நாலு சொட்டு விட்ட தண்ணீரில் போட வேண்டும். ஈரம் காய்வதற்குள் இலைமேல் சலித்த சாம்பலைத் தூவ வேண்டும். பத்து நாள் விடாமல் செய்தால் எந்தக் கொடியும் தேறிவிடும். பரந்தாமனும் அவர் மனைவி கன்னியம்மாளும் பதினோரு வருஷம் செய்தார்கள். கொடி தேறவில்லை.

வண்டு ஒழிந்தால் அவர்களுக்குள் பேச்சு கிடையாது. அதுதான் காரணம்.

அவர்களுடைய ஒரே மகள் வடிவு ஒன்பது வயதில் வாந்திபேதியில் போனாள். உடனே வண்டி கட்டிப் பூந்தமல்லி டாக்டரிடம் போகலாம் என்றாள் கன்னியம்மாள். விடியட்டும் என்றார் பரந்தாமன். விடிந்தது, பிள்ளை இல்லை. “நீதான் கொன்னே” என்றாள், அதுவரை புருஷனை ‘நீ’ என்று சொல்லி அறியாதவள். “இனிமே உன்னாண்ட பேசுனா நான் மனுசனே இல்ல” என்றார் அவர். மனுசனாக இருப்பதில் அவருக்கு அப்படியொரு பிடிவாதம்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு காலையில் கொடிக்கு இந்தப் பக்கம் நின்ற கன்னியம்மாள் ஒரு வண்டைப் பிடித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, “ஏ வண்டே, அரிசி தீந்துபூட்ச்சு, தெரிஞ்சுக்கோ” என்றாள். அந்தப் பக்கம் நின்ற பரந்தாமன் இலைகளைப் புரட்டித் தேடினார். பிறகு தாமும் ஒரு வண்டைப் பிடித்து, “சாயங்காலம் வாங்கியாந்துடலாம், வண்டே. அதுக்கு ஏன் மூஞ்சிய அப்படி வெச்சுக்கினு கீறே?” என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் காரியங்கள் எல்லாம் வண்டு மூலமாக நடந்தன. சண்டை உட்பட.

“மீன்கொளம்பு நல்லாக் கீதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா வண்டே, வாயில இருந்து முத்தா கொட்டிடும்?”

“ரெண்டு தபா போட்டுக்கினு துண்ண வண்டப் பாத்தும் தெரியலன்னா, கண்ணுதான் கெட்டுப்போச்சு!”

பேசி முடித்த வண்டு தண்ணீரில் விழும். சேதி சொன்னவனையே கொல்லும் ராஜ்யம் அது. ஆனால் இருவரும் சொல்லிவைக்காமலே ஒரு காரியம் செய்தார்கள். வேலியோரத்து இலைகளில் சாம்பல் தூவ மாட்டார்கள். அங்கே இருக்கும் ஏழெட்டு வண்டுகளை, விதைநெல்லை விட்டுவைப்பது போல விட்டுவைப்பார்கள். தை, மாசியில் பேச்சு அமோகமாக இருக்கும். கொடி காய்ந்துபோகும் கோடையில் வீடு ஊமையாகிவிடும். மறுபடியும் விதை ஊன்ற இருவருக்கும் அவசரம்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946 தை மாதம், பரந்தாமனின் அக்காள் மகன் தேவராஜ் வந்தான். ஆவடி ராணுவ முகாமில் மூட்டை தூக்குகிறவன்; நல்ல பிள்ளை. பதினோரு வருஷமாக வண்டு பொறுக்கும் மாமனுக்கு உதவி செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. உலகத்தில் பாதித் துன்பம் நல்ல பிள்ளைகளால் வருகிறது. கொசுவுக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்திருந்த வெள்ளைப் பொடியை ஒரு டப்பாவில் எடுத்துவந்தான். மாமன் வயலுக்கும் அத்தை கடைக்கும் போயிருந்த நேரத்தில், வேலியோரம் உட்பட, கொடி முழுக்கத் தூவிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

மறுநாள் காலை கொடியில் ஒரு வண்டு இல்லை. தரையில் கிடந்தன, கால்களை மேலே நீட்டிக்கொண்டு. இலைகளில் வெள்ளையாகப் பொடி.

கன்னியம்மாள் அதைப் பார்த்தாள். என்னோடு பேசப் பிடிக்காமல் இந்த மனுஷன்தான் மருந்து போட்டுவிட்டார் என்று நினைத்தாள். பரந்தாமனும் பார்த்தார். இவள்தான் போட்டிருக்கிறாள் என்று நினைத்தார். நீயா போட்டாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்பதற்கு வண்டு வேண்டும்.

கன்னியம்மாள் ஆட்டிடம் பேசிப் பார்த்தாள். ஆடு பதிலுக்குக் கத்தியது. வண்டுக்கு இருந்த மரியாதை அதற்கு இல்லை.

அந்த வாரம் கிணற்றடியில் பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் சொன்னாள்: “ரெண்டு நாளா நெஞ்சுல இன்னாவோ அமுக்குதுடி.”

“அண்ணாத்தே கைல சொன்னியா?”

“சொல்லலாம்னுதான் பாக்கறேன். ஒரு வண்டுகூட மாட்டலியே.”

முனியம்மா சிரித்தாள். குடம் தளும்பும்படி சிரித்தாள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து அவள் எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனாலும் கன்னியம்மாள் தினமும் விடியலில் கொடியருகே போனாள். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தாள். மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறதா என்று சரிபார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டு பரந்தாமன் கிணற்று ஏற்றக்காலின் பக்கம் திரும்பி நின்றார்.

ஏழாம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் முற்றத்துக்கு வரும்வரை அவர் வெளியே நின்றார். பிறகு உள்ளே போனார். பாயில் கிடந்தவளின் முகம் வேர்த்து வெளுத்திருந்தது. அவர் குனிந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் எதுவும் இல்லாமல், நேராக அவளைப் பார்த்துக் கேட்டார்:

“கன்னிம்மா... இன்னா பண்ணுது உனக்கு?”

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு மெள்ளத் தலையைத் திருப்பி, தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

சுவர்தான் இருந்தது. அவள் முகத்தை மறுபடி இந்தப் பக்கம் திருப்புவதற்கு உயிர் இல்லை.