ஏரியிலிருந்து எடுத்த விமானம்

அன்று பிற்பகல் அருங்காட்சியகத்தின் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் அண்ணி, விமானத்தைச் சீர்செய்த மெக்கானிக், அப்புறம் அந்த ஆள். இது நடந்தது. நம்பாதவர்களைக் கெஞ்சி நம்பவைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

போரில் எதிரி விமானங்கள் பதினொன்றைச் சுட்டு வீழ்த்தியவர் என் அண்ணன். கடைசியாகப் பறந்த அன்று திரும்பவில்லை. இன்னொரு விமானத்தில் அவருக்குப் பின்னாலேயே பறந்து முதுகைக் காக்க வேண்டிய துணை விமானிதான் அந்த ஆள். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வந்து இறங்கி, "அவர் பயந்து ஓடிட்டார்" என்றான். அந்தப் பொய்யைத் தின்றே நாற்பது வருடம் கொழுத்தான்.

பிறகு ஏரியைத் தூர்வாரியபோது அண்ணனின் விமானம் கிடைத்தது. அருங்காட்சியகத்தில் அதன் அருகே வைக்கும் கல்லில் 'வீரமரணம்' என்று பொறிக்கலாமா? மிச்சமிருக்கும் ஒரே சாட்சியான அவன்தான் சொல்ல வேண்டுமாம். அதற்காக வந்திருந்தான்.

"உள்ளதைத்தானே சொல்ல முடியும், தம்பி?" என்று என்னைப் பார்த்து இளித்தான். போட்டோவுக்காக விமானி இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

"அதுல உட்கார உனக்கென்ன தகுதி? இறங்குடா!" என்றார் அண்ணி.

அவன் சிரித்துக்கொண்டே காதுக்கருவியை மாட்டினான். அதன் வயர் அறுந்து தொங்கியது.

கர்ர்ர்...

"பின்னால யாரு?"

அண்ணனின் குரல். கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

வானத்தில் அவர் அப்படிக் கேட்டால், துணை விமானி அந்த நொடியே "நான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் முறை.

இவன் வாய் திறக்கவில்லை.

"பின்னால யாரு?"

"நான் இல்லண்ணே... நான் பாதியிலயே திரும்பிட்டேன்..."

கண்ணாடி மூடி சறுக்கி வந்தது.

டப்.

மெக்கானிக் கம்பி கொடுத்து நெம்பினார். அசையவில்லை. உள்ளே அவன் கழுத்தை உயர்த்தி, உயர்த்தி...

தானாகத் திறந்தது.

சட்டை காய்ந்திருந்தது.

உயிர் இல்லை.

காதால் கேட்டதை மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். கல்லில் 'வீரமரணம்' என்றே பொறித்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நுரையீரல் முழுக்கத் தண்ணீராம். பாசி மிதக்கும் ஏரித் தண்ணீர்.

அண்ணி அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், அதில் ஏதோ கலந்திருந்தார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். அந்த ஆளுக்கு எங்கள் வீட்டார் யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.