நங்கையாவின் வண்டி நிற்கும் இடம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு சுவிட்ச் கிடக்கிறது. கட்டை விரல் நகத்தளவுதான் இருக்கும். அறுத்த சிவப்பு ஒயர் இரண்டு துண்டு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பம்ப் மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவன் வீட்டில் சுவிட்ச் கிடப்பது ஓர் அதிசயமில்லை. ஆனால் என் கையால் பொருத்திய மற்ற எல்லாமே எதையாவது ஓட வைப்பதற்காகப் பொருத்தியவை. இது ஒன்றை மட்டும், நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்துவதற்காகவே பொருத்தினேன். ஸ்க்ரூ டிரைவர் தேடும்போதெல்லாம் விரலில் தட்டுப்படுகிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

அது என் நங்கையாவின் சைக்கிளில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கையா என்போம். அன்னூரைத் தாண்டி, பஸ் ரோட்டிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் வெகுதூரம் போனால் எங்கள் தோட்டத்து வீடு வரும். நான் படித்துவிட்டு பெரியநாயக்கன்பாளையத்துக்குத் தப்பித்து வந்துவிட்டேன். பண்ணையம் அண்ணன் தலையிலும், பண்ணையத்தோடு சேர்ந்த மற்றதெல்லாம் நங்கையா தலையிலும் விழுந்தது. மற்றதெல்லாம் என்றால் மாடுகள், பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கும் எங்கள் அப்பா, சமையல், சொசைட்டிக்குப் பால். மாடு கட்டியிருக்கும் வீட்டுப் பெண்களுக்கு வெளியூரில் ராத்தங்கல் கிடையாது. அதிலும் எங்கள் மாடுகள் நங்கையாவின் கைக்குத்தான் பால் விடும். அண்ணன் போய் உட்கார்ந்தால் உதைக்கும். சத்தியமங்கலத்தில் இருக்கும் பிறந்த வீட்டில் கல்யாணம் என்றால்கூட, முதல் பந்தியில் சாப்பிட்டு, கை ஈரம் காயுமுன் பஸ் ஏறி, சாயந்திரப் பாலுக்கு மாட்டுக் கட்டுத்தரையில் நிற்க வேண்டும். நங்கையா எங்கே கிளம்பினாலும் அண்ணன் ஒன்றைத்தான் சொல்வார்: “போயிட்டு வெசையா வந்துரு.” விடிந்தது முதல் அடையும் வரை தனக்கென்று ஓர் அரைமணி நேரம் நங்கையாவுக்கு இருந்ததில்லை. இந்தக் கதை முழுவதும் அந்த அரைமணி நேரத்தைப் பற்றியதுதான். எனக்குத்தான் அது கடைசியாகப் புரிந்தது.

சைக்கிள், அவர் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு சீர்ப் பாத்திரங்களோடு அதுவும் வண்டியேறி வந்தது. அதில்தான் சொசைட்டிக்குப் பால் போகும். வாரம் ஒருமுறை அன்னூர் போய் மாட்டுத் தீவனமும் அப்பாவின் மாத்திரைகளும் அதில்தான் வரும். முழங்கால் வலி வந்து மிதிக்கச் சிரமப்பட்டபோது, ஸ்கூட்டர் ஓட்டப் பழகட்டும் என்று நான் சொன்னேன். லைசென்சுக்கு அலைகிற நாளெல்லாம் மாட்டை யார் பார்ப்பது என்று அண்ணன் கேட்டார். ஆனால் சைக்கிளில் சின்ன மோட்டார் வைத்தால் லைசென்சே வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். கோயமுத்தூர்க்காரனுக்கு மனிதர் பிரச்சினை எதுவானாலும் மோட்டார் வைத்துத் தீர்த்துவிடலாம் என்று ஒரு நினைப்பு உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து அந்த வண்டியைச் செய்தேன். பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார், கேரியரில் பேட்டரிப் பெட்டி, கைப்பிடியில் திருகினால் வேகம். முதல் நாள் நங்கையா களத்தைச் சுற்றி ஓட்டிவிட்டு இறங்கி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரமே இட்டேரிப் பள்ளத்தில் பேட்டரி கனத்துக்குக் கம்பிகள் ஒடிந்தன. தடித்த கம்பி போட்டு சக்கரத்தைத் திரும்பக் கட்டினேன். பிறகு மோட்டார் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாகத் தன் அச்சையே சுற்றிக்கொண்டு ஒயரைப் பிய்த்தது. கம்பெனியில் கெட்டியான இரும்புப் பட்டை ஒன்றை அறுத்து வந்து, அச்சு திரும்பாதபடி ஃபிரேமோடு சேர்த்துப் பூட்டினேன். வேலிமுள்ளுக்குத் தடித்த டயர். பால் கேனோடு இறக்கத்தில் நிற்க நல்ல பிரேக். ஈயப் பேட்டரியைத் தூக்கிவிட்டு, எடை குறைந்த லித்தியம் பேட்டரியைக் கேரியரிலிருந்து நடு ஃபிரேமுக்குக் கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் சரியானபோது எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

முதல் கோடையில் இன்னொரு கோளாறும் இருந்தது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் பெட்டி, தீவன மூட்டையோடு மேடு ஏறினால் சூடாகி வண்டியை நிறுத்திவிடும். அப்படி நின்றால் பதற வேண்டாம், நிழலில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டு எடுங்கள் என்று நங்கையாவிடமும் அண்ணனிடமும் சொல்லி வைத்தேன். கன்ட்ரோலரையும் பிற்பாடு பெரியதாக மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வண்டி நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் நின்றது. வாரத்தில் ஒருநாள், அன்னூரிலிருந்து திரும்பும்போது, குளத்தை ஒட்டிய சிறு பாலத்தில், வேப்பமரத்துக்குக் கீழே. எனக்குப் போன் வரும். “தம்பி, வண்டி நின்னுபோச்சுங்க. நெழல்லதான் இருக்கறேன். ஒண்ணும் அவசரமில்லீங்க.” அண்ணன் நங்கையாவை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். வண்டி நின்றால் அவள் என்ன செய்வாள் என்று என்மேல்தான் பாய்வார். எனக்கு அது மானப்பிரச்சினை ஆகிவிட்டது. ஒரே இடத்தில் வருகிற கோளாறு என்றால் அந்த இடத்தில்தான் காரணம் இருக்கும் என்பது எங்கள் பிரிவில் பாலபாடம். பாலத்து மேட்டில் அதிர்ந்து ஒயர் விலகுகிறது என்று முடிவுகட்டி, எல்லா இணைப்பையும் பற்றவைத்து ரப்பர் உறை போட்டேன். நானே அந்தப் பாலத்தில் போவதும் வருவதுமாக ஓட்டிப் பார்த்தேன். ஆடு மேய்க்க வந்தவர் ஏதாவது தொலைத்துவிட்டேனா என்று விசாரித்தார். எனக்கு ஒருமுறைகூட அது நிற்கவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். பேட்டரியையும் ஒயர்களையும் ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, கழற்றவே முடியாதபடி செய்துவிட்டால் எதுவும் விலகாது. அண்ணனிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார். பெட்டி தயாரானதும், வார நாளில் லீவு போட்டு, கோளாறை அது நடக்கும்போதே பிடித்துவிடலாம் என்று யாருக்கும் சொல்லாமல் அந்தப் பாலத்துக்குப் போனேன்.

நங்கையா பாலத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நீட்டியிருந்தார். அவர் கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கையில் அன்னூர் பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன். எங்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக, அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறவர், ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து, குளத்தைப் பார்த்தபடி தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சைக்கிள். பேட்டரியிலிருந்து பிடுங்கிய மஞ்சள் பிளக் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, எழவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மீதிப் பன்னில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க தம்பி. நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கறீங்க. நான்தான் புடுங்கிப்போட்டேன்.”

ஏனுங்க என்று மட்டும் கேட்டேன்.

“சும்மா ஒக்காந்திருந்தா எதுக்கு ஒக்காந்தேன்னு கேப்பாங்க. வண்டி நின்னுபோச்சுன்னா ஆரும் கேக்கறதில்லீங்க.”

கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அரைமணி நேரம் ஆற வேண்டும் என்று நான் மோட்டாருக்குச் சொன்ன வைத்தியத்தை அவர் தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். அதையும் பூட்டிவைக்கிற பெட்டி என் பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவித் துவாரத்தை விரலால் தடவினார்.

“மாமங்கிட்டச் சொல்லிட்டீங்களா?” என்றார். அண்ணனை அவர் மாமன் என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டேன் என்றேன். “அப்பச் செரிங்க, மாட்டிப்போடுங்க,” என்று செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பொருத்தினேன். அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பூட்டிய சாவியைத் தன் அரைஞாணில் கோத்துக்கொண்டார். அவர் தண்ணீர் மாற்றிவிட வாய்க்காலுக்குப் போன நேரத்தில், சீட்டுக்கு அடியில், கையை விட்டுத் துழாவினால் மட்டும் தெரிகிற இடத்தில், இந்தக் கறுப்பு சுவிட்சை வைத்தேன். நங்கையாவைக் கூப்பிட்டு அவர் விரலுக்கு அது எட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். கையை விட்டுத் தட்டிப் பார்த்தார். “மழையில கெட்டுப்போவாதுங்களா?” என்று கேட்டார். அந்த வண்டியிலேயே கெடாத சாமான் அதுதான் என்றேன்.

அதற்குப் பிறகும் வண்டி வாராவாரம் நின்றது. ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அண்ணன் என்னைக் காட்டிச் சொல்வார்: “ஊருக்கெல்லாம் மோட்டார் ஓட்டிப் பாக்கறான். ஊட்டு சைக்கிளு ஒண்ணு இவங்கையில ஓட மாட்டீங்குது.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பந்தி விசாரித்துக்கொண்டு போகும் நங்கையா என் இலைக்கு மட்டும் இன்னொரு கரண்டி பாயசம் விடுவார்.

அண்ணனைக் கெட்டவர் என்று யாரும் எண்ண வேண்டாம். அவரும் ராத்தங்கிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் தினமும் காலையில் பேக்கரிக்குப் போய், டீ ஆறும் வரை பேப்பரை விரித்து நாலு பேரோடு பேசிவிட்டு வருவார். ஏன் போனாய் என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. இந்த வித்தியாசம் அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் ஒருவேளை மாறியிருப்பாரோ என்னவோ. அந்தப் பாலத்தில் கேட்டதை அவரிடம் சொல்லிவிடலாமா என்று பலமுறை வாய்வரை வந்தது. சொன்னால் இருப்பதும் போய்விடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

போன தீபாவளிக்கு அண்ணன் நங்கையாவுக்கு ஒரு புது பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். ரோட்டில் நின்று நின்று அவள் வெயிலில் காய்ந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லி வருத்தப்பட்டார். முன்பு அலைய மாட்டேன் என்றவர், தானே அழைத்துப் போய், காத்திருந்து, லைசென்சும் எடுத்துக் கொடுத்தார். அன்பில்லாமல் இதையெல்லாம் யார் செய்வார்கள்? பொங்கலுக்குப் போன என்னைக் கட்டிலில் உட்காரவைத்துப் போனைக் காட்டினார். வண்டி எங்கே இருக்கிறது என்று அதிலேயே தெரியுமாம். படத்தில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்து வந்தது. “பாரு, குளத்துக்கிட்ட வாரா,” என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் புள்ளி பாலத்துக்கு வந்தது, நிற்காமல் தாண்டியது, இட்டேரிக்குள் திரும்பியது. “ஒரு எடத்துல நிக்கறதில்ல, அருமையான வண்டி,” என்றார் அண்ணன்.

சைக்கிளை என்னையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். அதில்தான் இப்போது கம்பெனிக்குப் போகிறேன். சீட்டுக்கு அடியிலிருந்த சுவிட்சை வந்த அன்றே அறுத்தெடுத்துவிட்டேன். எனக்கு அது எதற்கு? வழியில் பேக்கரியைப் பார்த்தால் நிறுத்துகிறேன். என்னை யாரும் கேட்பதில்லை.

போன வாரம் நங்கையா போன் செய்தார். ஸ்கூட்டர் வந்த பிறகு வண்டி விஷயமாக அவர் பேசியது அதுதான் முதல் தடவை. பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்டது. அப்பாவின் உடம்பைப் பற்றி நான் கேட்டேன், என் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவர் கேட்டார். பிறகு சொன்னார்:

“ஏனுங்க தம்பி, இந்த வண்டி எப்பத்தானுங்க கெடும்?”

புது வண்டி, பல வருஷம் ஒன்றும் ஆகாது என்றேன். “செரிங்க, பால் பீச்ச நேரமாச்சு,” என்று வைத்துவிட்டார்.

இழுப்பறையைத் திறந்து சுவிட்சை எடுத்துப் பார்த்தேன். துருப்பிடிக்கவில்லை. விரலால் தட்டினால் இப்போதும் சரியாக விழுகிறது.