ஆரத்தி படாத மோட்டார்

ராயபுரம் வாசகசாலைப் பலகையில் தினமும் தேசத்துச் செய்திகளை ஒட்டுகிறோம். இன்று ஒரு டிரைவரின் செய்தியையும் ஒட்டுகிறேன், நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் திருவொற்றியூரில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து வர, நான் வண்டி ஓட்டும் முதலாளி தன் புது மோட்டாரைக் கொடுத்திருந்தார்.

அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவள் ஆரத்தித் தட்டோடு வந்தாள். இருவருக்கும் சுற்றி முடித்து, தட்டில் விரலை நனைத்துக்கொண்டு பொட்டு வைக்க வண்டியின் முகப்புக்கு வந்தாள்.

"அக்கா, அதுல சுண்ணாம்பு கீது. பட்டா பெயிண்ட் கெட்டுப்பூடும். தள்ளிப் போ" என்றேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிக்கோசரம் இல்லடா. அத்த ஓட்டுற உனக்குத்தான் திஷ்டி கழிக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

சாப்பிடாமல் திரும்பினேன். முதலாளி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, உச்சி வெயிலில் வண்டியைக் கழுவினேன். அக்கா முகத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில் துடைக்க மறந்துவிட்டேன். கடலோரக் கிணறு, உப்புத் தண்ணீர். காய்ந்ததும் கறுப்புப் பெயிண்ட் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

முதலாளி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னாப்பா, கல்யாணத்துக்குப் போன வண்டி அம்மை போட்டுக்கினு வந்துகீது?"

அக்கா வைத்திருந்தால் ஒரே ஒரு பொட்டு.

உப்புக்கறை எடுக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அக்கா வாசலில் போய் நின்று என்ன சொல்வதென்று தெரிந்தவர்கள், அதற்கும் மேலே எழுதுங்கள்.