கொலுப்படிக்கு அறுத்த மாமரம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற மாமரம் சித்திரை மாதக் காற்றில் விழுந்தபோது, எனக்கு வருத்தத்தைவிடச் சந்தோஷம்தான் ஒரு பிடி அதிகமாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முருகன் மன்னிக்கட்டும். இங்கே கல்கத்தாவில் அந்த மாதங்களில் சாயங்காலம் திடீரென்று கிளம்பி அடிக்கும் காற்றைக் காலபைசாகி என்பார்கள். அன்று அடித்த அடியில் மரம் வேரோடு சாய்ந்தது. ஆனால் குளியலறைக் கூரையைத் தொடவில்லை, பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடவில்லை. யாரோ கை கொடுத்துப் படுக்க வைத்த மாதிரி எங்கள் கொல்லைக்குள்ளேயே நீட்டிப் படுத்துக்கொண்டது. மழை விட்டதும் குடையோடு போய் அடிமரத்தைப் பார்த்தேன். ஒன்றரை அடி குறுக்களவு. மனசுக்குள் உடனே ஒரு கணக்கு ஓடியது: இதில் ஒன்பது பலகை இருக்கிறது.

ஒன்பது பலகை எதற்கு என்றால், என் மனைவியின் கொலுவுக்கு.

அவள் கொலு வைத்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் டிரங்குப் பெட்டி, பழைய புத்தகக் கட்டு, டிவி வந்த அட்டைப்பெட்டி, எல்லாவற்றையும் அடுக்கி மேலே வேட்டியை விரித்துப் படி கட்டுவோம். ஒரு வருஷம் ஆறாம் நாள் சாயங்காலம், சுண்டல் வாங்க ஆள் வந்து உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு அட்டைப்பெட்டி அமுங்கி மூன்றாம் படி சரிந்தது. அவள் அம்மா வீட்டுச் சீதனமாக வந்த தசாவதாரத்தில் மூன்று பொம்மை போய்விட்டது. அவள் அழவில்லை. தசமி வரைக்கும் இருக்கிறதை வைத்து பூஜையை முடித்து, எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "ஆடாத படி ஒண்ணு வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். அதோடு சரி. ரிட்டயர் ஆகி இந்தச் சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் பெட்டி திறக்கவில்லை. நவராத்திரியில் நான் பேச்சை எடுத்தால், "இங்கதான் ஊரே கொலுவா இருக்கே, போய்ப் பாத்துட்டு வாங்க" என்று துர்கா பூஜைப் பந்தல் பக்கம் கையைக் காட்டிவிடுவாள்.

கடையில் இரும்புப் படி விற்கிறதே, வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கினேன். அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், அது கிணுகிணு என்று ஆடியது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மரத்தை அறுக்க வெளியே மில்லுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் எங்கள் சந்துக்குள் லாரி வராது. நானோ கார்டன் ரீச் பக்கம் இருபத்தெட்டு வருஷம் கப்பல் தகடு வெட்டியவன். சும்மா உட்கார்ந்தால் கை அரிக்கும். மல்லிக்பஜாரில் தேடி இரண்டு பழைய ஸ்கூட்டர் சக்கரம் வாங்கினேன். அந்த இரண்டையும் சுற்றி ஓடுகிற மாதிரி ஒரு நீளப் பட்டை ரம்பம், ஒரு பழைய மாவு மில் மோட்டார், உருட்டிக்கொண்டு போக ஆங்கிள் இரும்பில் தண்டவாளம். மரம் படுத்த இடத்தில் படுத்திருக்கும், ரம்பம்தான் அதன் மேல் போய்ப் போய் வரும். ஒரு மாதம் வெல்டிங். பார்க்கிறதற்குச் சின்ன ரயில் வண்டி மாதிரி இருந்தது.

வேலை முடிகிற சமயம் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் தொழில் பூஜைப் பந்தல் போடுவது. நான் அவரை தாதா என்பேன், அவரும் என்னை தாதா என்பார். தாதா என்றால் அண்ணன். யார் யாருக்கு அண்ணன் என்பது இன்னும் முடிவாகவில்லை.

"தாதா, இது என்ன, மெட்ரோவா? டாலிகஞ்ச் வரைக்கும் போகுமா?" என்றார்.

"கொல்லை முனை வரைக்கும் போகும். டிக்கெட் கிடையாது."

சேதி தெருவில் பரவி, "எங்கள் கட்டில் காலுக்கு ஒரு கட்டை", "எங்கள் கதவுக்கு இரண்டு" என்று நாலு பேர் வந்தார்கள். வெளியாளுக்கு அறுத்தால் லைசென்ஸ் வேண்டும், இது என் வீட்டு மரம், என் வீட்டுச் சாமிக்கு மட்டும் என்று கும்பிட்டு அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, அடிமரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, "ஆறு வருஷம் நிழல் கொடுத்தே, ஊறுகாய் கொடுத்தே, இப்போ அம்பாள் உட்கார இடம் கொடு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டேன். முதல் அறுப்பில் பட்டையோடு முதுகுப் பக்கம் கழன்றது. இரண்டாவதில் பலகை. ஐந்தடி நீளம், ஒன்றேகால் அங்குல கனம். ஈரமாக, பால் காப்பி நிறத்தில், நடுவில் புகை மாதிரி கோடுகள். மாங்காய் வாசனை இல்லை, வேறு ஒரு புளித்த இனிப்பு வாசனை. தூள் தலை முழுக்க. நாலாவது பலகையில் 'டங்' என்று ஒரு சத்தம், ரம்பத்தில் ஆறு பல் போய்விட்டது. உள்ளே ஒரு ஆணி.

என் மனைவி எட்டிப் பார்த்து, "துணிக்கொடி ஆணி. நீங்க அடிச்சதுதான். அப்பவே கம்பியாலே கட்டுங்கன்னு சொன்னேன்" என்றாள். பிளேடு மாற்றினேன்.

சாயங்காலத்துக்குள் ஒன்பது பலகையும் வந்தன. இரண்டு ஓரத்திலும் பட்டை ஒட்டியிருந்தது. அதை அப்படியே விட மனசு வருமா? பலகைகளைக் குத்தாக நிறுத்தி ஒன்றாக இறுக்கி, மேல் ஓரத்தை ஒரே ஓட்டமாக அறுத்தேன். திருப்பிப் போட்டு மறு ஓரம். ஒன்பதும் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். டேப் வைத்தால் ஒரு நூல் கூட வித்தியாசம் இல்லை. கப்பலில் இப்படி வெட்டினால் ஃபோர்மேன் தோளில் தட்டுவார். என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறை.

தாதா வந்து பலகையை நகத்தால் கீறிப் பார்த்தார். நகத்தில் ஈரம் வந்தது.

"ஏ தோ காஞ்சா காட்!" என்றார். இது பச்சை மரமாச்சே என்று அர்த்தம். "இப்பவே ஓரம் அடிச்சுட்டீங்களா? காயட்டும் தாதா, காய்ஞ்ச பிறகுதான் ஓரம்."

"நாலு நாள் வெயில்ல வச்சா காய்ஞ்சுடும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை. வெட்டின தகடு வெட்டின அளவிலேயே இருக்கும், அதுதான் நான் கண்ட உலகம்.

பலகைகளை மேற்குச் சுவரில் சாய்த்து வைத்தேன். நாலு நாள் வெயில், பிறகு மழை, பிறகு வெயில். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்பதும் ஒன்பது விதமாக நின்றன. ஒன்று ஓடு மாதிரி குழிந்திருந்தது. ஒன்று பொரித்த அப்பளம். மரத்தின் நடு நெஞ்சிலிருந்து வந்த பலகை மேலிருந்து கீழ் வரை பிளந்திருந்தது. டேப் வைத்தேன். பன்னிரண்டு எங்கே? இடத்துக்கு இடம் அரை அங்குலம் வரை காணோம்.

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பரவாயில்லைங்க. இந்த வருஷமும் பந்தலுக்கே போகலாம்" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அன்று பூஜையில் எனக்கு மந்திரம் ஓடவில்லை. ஆசை காட்டிவிட்டேனே என்று இருந்தது.

மறுநாள் நானே தாதா வீட்டுக்குப் போய், "தெரியாமச் செஞ்சுட்டேன், சொல்லுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது பெரிய மனசு. "லோஹா ஆர் காட் ஏக் ஜினிஷ் நா, தாதா. இரும்பும் மரமும் ஒண்ணு இல்ல. இரும்பு சொன்ன பேச்சு கேட்கும். மரம் வீட்டு மாப்பிள்ளை. கவனிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரே கனத்தில் குச்சி கொடுத்து அடுக்க வேண்டும், வெட்டின முனைகளில் பழைய பெயிண்ட் பூச வேண்டும், மேலே பாரம் ஏற்ற வேண்டும், காற்று வேண்டும், வெயில் கூடாது.

கல்கத்தா மழையில் காற்று மட்டும் வரும் இடம் எங்கள் வீட்டில் ஒன்றுதான். ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே.

ஆனியிலிருந்து புரட்டாசி வரை அந்த அடுக்கு அங்கேதான் இருந்தது. மேலே பாரத்துக்கு ஆட்டுக்கல், இரண்டு அரிசி மூட்டை. டிவி பார்க்க வேண்டுமானால் மரத்தைச் சுற்றிக் கழுத்தை நீட்ட வேண்டும். வந்தவர்கள் பெஞ்சு என்று நினைத்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். "உட்காருங்க, உட்காருங்க, இன்னும் ரெண்டு பேர் உட்கார்ந்தா இவர் பலகைக்கு நல்லது" என்பாள் என் மனைவி. ராத்திரி பகல் ஃபேன் ஓடியது. ஆனால் ஒன்று கவனித்தேன். குச்சிகளில் பூஞ்சை கட்டாமல் தினமும் காலையில் அவள் உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்தால் தரையைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொள்வாள்.

புரட்டாசி பிறக்கிற சமயம் இங்கே விஸ்வகர்மா பூஜை வரும். பட்டறை பட்டறையாக மெஷினுக்குப் பூஜை, வானம் முழுக்கப் பட்டம். என் ஸ்கூட்டர் சக்கர மெஷினுக்கும் மாலை போட்டேன். அடுத்து நம் ஆயுத பூஜையும் வரும். வருஷத்துக்கு இரண்டு பூஜை வாங்குகிற மெஷின், கொடுத்து வைத்தது. அன்றே அடுக்கைப் பிரித்தோம். பாரம் வேலை செய்திருந்தது, முக்கால்வாசி வளைவு போயிருந்தது. பிளந்தது ஒன்றையும் அப்பளம் ஒன்றையும் ஒதுக்கினேன். மிச்சம் ஏழு. படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், ஏழு ஒற்றைப்படை. இதை நான் கணக்கு என்று சொல்ல மாட்டேன், அருள் என்றுதான் சொல்வேன்.

இந்த முறை ஓரம் அடிக்கும்போது டேப்பை நம்பவில்லை. ஒவ்வொரு பலகையையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நூல் கட்டி, கோணல் எவ்வளவோ அவ்வளவு மட்டும் எடுத்தேன். ஒன்று பதினோரு அங்குலம், ஒன்று பத்தேகால், ஒன்று பத்துகூட இல்லை. ஃபோர்மேன் பார்த்தால் வேலையை விட்டு அனுப்பியிருப்பார். தாதா பார்த்து, "இப்பத்தான் மரம்" என்றார்.

மகாளய அமாவாசை விடியலில் தெரு முழுக்க ரேடியோவில் சண்டி பாராயணம் கேட்டுக்கொண்டிருந்தது. தர்ப்பணம் முடித்து வந்து, அந்த மரத்துக் கிளைகளிலேயே செய்த கால்களை நிறுத்திப் பலகைகளைப் பொருத்தினேன். அகலமானது கீழே, குறுகலானது மேலே. ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. தாதா வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்றார்.

"குமிழி நடுவுல நின்னா எனக்கென்ன? ஏறி நில்லுங்க" என்றாள் என் மனைவி.

"சாமி உட்காருற படி. கால் வைக்கலாமா?"

"கலசம் வச்ச பிறகுதான் அது படி. இப்ப பலகை. ஏறுங்க."

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். அவள் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து உலுக்கினாள். முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. நாலாம் படியில் என் காலுக்குக் கீழே 'டக்' என்றது. ஒரு மூலை ஒரு நூல் தூக்கியிருந்தது. அவள் முகம் மாறியது.

"பேப்பர் மடிச்சு வச்சா சரியாயிடும்" என்றேன்.

"பேப்பரா? அட்டைப்பெட்டி பத்தாதா?"

நான் கீழே இறங்கினேன். தாதா உள்ளே வந்தார். பலகையை உருவி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, தலைகீழாகத் திருப்பிப் போட்டார். மேடு மேலே, பள்ளம் கீழே. இரண்டு ஓரமும் கால் சட்டத்தில் பதிந்து உட்கார்ந்தன. "பௌதி, ஏபார் தேகுன்" என்றார். அண்ணி, இப்போது பாருங்கள் என்று அர்த்தம்.

மறுபடி ஏறினேன். உலுக்கினாள். இன்னொரு தரம். தாதாவையும் ஏறச் சொன்னாள், அவர் என்னைவிடப் பதினைந்து கிலோ கூட. செருப்பைக் கழற்றிவிட்டு "ஜெய் மா" என்று ஏறி நின்றார். உலுக்கினாள். படி வீட்டோடு சேர்ந்து முளைத்த மாதிரி நின்றது.

"எறங்குங்க ரெண்டு பேரும்" என்றாள்.

உள்ளே போனாள். சாவிக்கொத்து சத்தம் கேட்டது, பிறகு தாழ் விலகும் சத்தம். நான் தாதாவைப் பார்க்கவில்லை, கண் கலங்கியிருந்தது. பெட்டியை ஹாலுக்கு இழுத்து வந்தாள். மரப்பாச்சி ஜோடியை எடுத்து முதலில் மேல்படியில் வைத்தாள். அடுத்து மீனாட்சி, அடுத்து ராமர் பட்டாபிஷேகம். ஏழு அவதாரத்தையும் வரிசையாக வைத்து, நடுவில் இடம் விடாமல் நெருக்கி நிறுத்தினாள். பாதிப் பெட்டிகூட ஆகவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மிச்சத்தைத் துடைச்சு வைங்க. ஈரத்துணி வேணாம், பெயிண்ட் போயிடும். அழைக்கப் போகணும், லேட்டாயிடுச்சு."

புடவை மாற்றி, குங்குமச் சிமிழோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய பேப்பரைப் பிரித்தேன். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு வாசலில் அவள் குரல் கேட்டது. தன் அரைகுறை வங்காளியில், "ஆமாதேர் பாரி ஆஷ்பேன், ஒன்பது நாளும் ஆஷ்பேன்" என்று எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதற்கடுத்த வீடு. பிறகு இன்னும் தள்ளி. நான் கையில் இருந்த செட்டியாரையும் செட்டிச்சியையும் துடைத்து, கீழ்ப்படியில், பதினோரு அங்குலப் பலகையில் உட்கார வைத்தேன்.