புரட்டிப் போர்த்திய துணி

பூவாசன் இறந்த அன்று காலை எட்டு மணிக்கு அவள் உடலைத் துடைத்து முடித்தேன். மூன்று வருடம் பக்கவாதத்தில் கிடந்தவள். முதுகில் ஒரு புண் கிடையாது. அது அவள் மகள் சிவிலாயின் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாயைத் திருப்பிப் படுக்க வைத்தவள் அவள்தான். நான் வாரம் இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போன ஓய்வுபெற்ற நர்ஸ்.

எங்கள் வழக்கப்படி சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டேன். இறந்தவர்கள் போகும் இடத்தில் எல்லாம் தலைகீழ். பிறகு பூவாசனின் தங்கை ஒன்கேவ் மரப்பெட்டியைத் திறந்து ஒரு கறுப்புப் பட்டுத் துணியை எடுத்து வந்தாள். அக்காள் பதினாறு வயதில் நெய்தது. வடக்கு மலைப்பகுதியான சாம்நுவாவிலிருந்து வந்த இந்தக் குடும்பத்தில், ஒரு பெண் நெய்த முதல் நல்ல துணி அவள் சவப்பெட்டி மேல் கிடந்து அவளோடு எரிய வேண்டும்.

அதைப் பார்த்ததும் சிவிலாயின் முகம் வெளுத்தது. தாயின் உடலைப் பார்த்தபோதுகூட அப்படி ஆகவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி நூற்றுப் பத்து.

"நர்ஸம்மா, நான் திரையைப் பிரிச்சுட்டேன்," என்றாள்.

சிவிலாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. போரில் குண்டு விழுந்த காலத்தில் குகைக்குள் பிறந்தவள். ஏழு வயதில் லாரியில் தலைநகர் வியந்தியானுக்கு வந்தாள். தாய் விழும்வரை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருட வேலை. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும், வெளிச்சம் இருக்கும்வரை தறி. எல்லாவற்றுக்கும் கவலைப்படுவாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். அணைத்துத்தான் இருப்பாள். அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒருமுறை கவலைப்படாமல் இருந்துவிட்டாள்.

எங்கள் தறியில் உரு காகிதத்தில் இருப்பதில்லை. பாவின் பின்னால் நூல்திரை ஒன்று தொங்கும். அதில் குறுக்கே கோத்த ஒவ்வொரு கயிறும் உருவின் ஒரு வரி. எந்த இழை எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்பதை அது பிடித்து வைத்திருக்கும். திரையைக் கொடுத்தால் உருவையே கொடுத்த மாதிரி. போன ஏப்ரலில், புத்தாண்டுப் பாவாடைகளுக்குக் கயிறு பற்றாமல் போனபோது, தாயின் யாளித் திரையிலிருந்து கயிறுகளை உருவிவிட்டாள். துணிதான் பெட்டியில் இருக்கிறதே, பிறகு பார்த்துக் கோத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நெய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம். அந்தத் துணி தாயோடு போகிற துணி என்பதை மறந்துவிட்டாள்.

யானை முகம், சிங்க உடல், வயிற்றுக்குள் நிற்கும் ஒரு மூதாதை. இந்த வகை யாளி வேறு எந்த வீட்டிலும் இல்லை. பூவாசன் அதை யாருக்கும் கொடுத்ததில்லை. அந்த ஏப்ரலுக்கு இரண்டு மாதம் முன், பிப்ரவரியில் நான் அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, பெண்கள் நெசவுப் பயிற்சிக் கூடத்தில் யாளித் திரையைக் கேட்கிறார்கள் என்று சிவிலாய் சொன்னாள். கோணிய வாயால், "குடு," என்றாள் பூவாசன். இப்போது அங்கே பதினொரு பெண்கள் பாவு ஏற்றிவிட்டு யாளிக்காகக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் ஒரு மணிக்குத் தகனம்.

சிவிலாய் போனில் படம் எடுத்தாள். கறுப்புப் பட்டில் கருநீல நூல். படத்தில் வெறும் இருட்டுத்தான் தெரிந்தது. துணியின் மேலேயே இழை இழையாக எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒன்கேவ் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"செத்தவ மேல போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது."

"எடுக்கல சித்தி. எண்ணத்தான் போறேன்."

"எண்ணினா எடுத்த மாதிரிதான். அக்கா குடுக்கச் சொன்னான்னா என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மாசத்துக்கு ஒருதடவை வந்தே, அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு," என்றேன். "அவ சொன்னப்போ நான் பக்கத்துல இருந்தேன்."

ஒன்கேவ் என்னை முறைத்தாள். பிறகு நிபந்தனை போட்டாள். துணியை நகர்த்தக் கூடாது. கை படக் கூடாது. ஒரு நூலை இழுக்கக் கூடாது. சிவிலாய் தறியிலிருந்து முள்ளம்பன்றி முள்ளை எடுத்து வந்தாள். நாங்கள் இழை பிரிக்க அதைத்தான் வைத்திருக்கிறோம்.

ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம். இறந்தவளுக்கான துணி என்பதால் ஒன்கேவ் அதைப் புரட்டி, உள்பக்கம் மேலே தெரியப் போர்த்தியிருந்தாள். நாங்கள் நெய்யும்போதும் உள்பக்கம்தான் மேலே இருக்கும். சிவிலாய்க்குப் பழக்கமான பக்கம். அகலத்தில் எட்டு யாளிகள்; ஒன்றைப் படித்தால் போதும். துணியின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், கீழ்பாதி போதும். அப்படியும் நூற்றுப் பன்னிரண்டு வரி. தலையும் வயிறும் இருக்கும் சிக்கலான நடுப்பகுதியிலிருந்து தொடங்கி ஓரத்தில் இருக்கும் காலை நோக்கி இறங்கினாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வார்டில் காய்ச்சல் அட்டை எழுதின கை; எழுந்த இழைக்கு நிறைத்த வட்டம், படுத்த இழைக்கு வெற்று வட்டம்.

"மூணு மேல. அஞ்சு கீழ. ஒண்ணு மேல. இல்ல, இருங்க. ரெண்டு."

இறந்த வீட்டை நாங்கள் நல்ல வீடு என்போம். ஆள் நிறைந்திருக்கும். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் மூங்கில் குருத்துக் குழம்பு.

"சிவிலாய், உங்கம்மா மேலயே கணக்குப் பாடம் நடத்துறியா?" என்று சீட்டாடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் காம்பேங் கேட்டான்.

"நீ உன் சீட்டை எண்ணுடா. மூணு ஆட்டமா தோத்துக்கிட்டிருக்கே," என்றாள் ஒன்கேவ். அவள் சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முள்ளின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிக்குகள் வந்தபோதெல்லாம் நிறுத்தி மண்டியிட்டோம். எழுந்தால் இடம் தவறியிருக்கும். வரியை முதலிலிருந்து எண்ண வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் கருநீலம் தெரியாது என்பதால் பொழுது சாய்ந்ததும் வேலை நின்றது. முதல் நாள் முப்பத்தெட்டு வரி. இரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்து வீடு இருண்டது. சிவிலாய் கண்ணை விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றாள். அவள் ரத்த அழுத்தம் நூற்றெழுபது. கட்டாயப்படுத்தி மாத்திரை கொடுத்தேன். மழை விடும்வரை வாசலிலேயே நின்றாள். சோறு பிசைந்து கையில் வைத்தேன். அது உருண்டையாகவே காய்ந்தது.

மூன்றாம் நாள் பன்னிரண்டரைக்குத் தூக்குகிறவர்கள் வந்து நின்றார்கள். என் அட்டையில் எண்பத்து நான்கு வரி. மிச்சம் இருபத்தெட்டு.

"அரை மணி நேரம் குடுங்க," என்றாள் சிவிலாய்.

"பிக்குங்க காத்திருக்காங்கம்மா," என்றார் முன்னால் நின்றவர்.

தூக்குவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. சவத்தோடு போகிற துணியில் மூலையைக் கத்தரிக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் யாரும் திருடிக் கட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தச் சேதம். நகமளவு வெட்டுவது வழக்கம். வெட்டுகிற உரிமை தங்கைக்கு. ஒன்கேவ் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு சிவிலாயைப் பார்த்தாள்.

"எது மிச்சம்?"

"காலு, சித்தி. ஓரத்துல இருக்கிறது."

ஒன்கேவ் குனிந்தாள். மூலையில் கத்தரியை வைத்தாள். நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே போனாள். மூன்று விரல் உயரம், ஒரு சாண் அகலம். முதல் யாளியின் கால்கள் முழுதாகக் கையோடு வந்தன. சீட்டாட்டக்காரர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

"எவ்வளவு வெட்டணும்னு யாரும் சொன்னதில்ல," என்றாள் ஒன்கேவ். "மிச்சம் ஏழுக்குக் கால் இருக்கு. அக்கா அதுல ஏறிப் போகட்டும்."

துண்டை என் ரத்த அழுத்தக் கருவிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். சிவிலாய் அப்போதுதான் அழுதாள். தகனத்துக்காகக் கோவிலுக்குப் போகும் வழியில் நான்கு முறை, "பை இருக்கா நர்ஸம்மா?" என்று கேட்டாள்.

துண்டிலிருந்து இருபத்தெட்டு வரியையும் படித்தோம். நான் எழுதியதில் இரண்டு வரி தப்பு. நெய்து பார்த்தபோது யாளியின் தும்பிக்கை முறிந்து தெரிந்தது, திருத்தினாள். திரை கோத்து முடிய பதினேழு நாள் ஆயிற்று. சிவிலாய் அதை உடனே பயிற்சிக் கூடத்துக்கு எடுத்துப் போகவில்லை. அதைப் போலவே இன்னொரு திரை கோத்து, வீட்டு உத்தரத்தில் கட்டி, கயிறு முனைகளை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

மோட்டார் சைக்கிளில் திரையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனவள், பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்னாளாம். உத்தரத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. பதினொரு பெண்களும் பத்து மணிவரை காத்திருந்தார்கள்.