வந்தது

புதன்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் ஸ்டோர்கீப்பர். தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடிவரை படியேறி வந்திருந்தார். எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. எங்கள் கட்டடத்து லிஃப்ட் அந்த வாரம் ஓடவில்லை. அவருக்கு மூச்சு அடங்க நேரமானதால், என் அண்ணன் இறந்துபோனது எனக்கு ஒரு நிமிடம் தாமதமாகத்தான் தெரிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போயிருக்கிறான். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டு, அவன் போனை எடுத்துக் கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அடித்திருக்கிறார். அது ஸ்டோர்கீப்பருடைய எண். கம்பெனியில் எல்லோரையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நச்சரித்தவன், தன் போனுக்குப் பூட்டே வைத்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். வயது நாற்பத்துநான்கு.

இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பதினேழு வருடம் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "கேட்டாங்க, யோசிச்சு சொல்றேன்னு சொன்னேன், அவங்க மறந்துட்டாங்க" என்பான். ஐந்து சட்டைகள் வைத்திருந்தான். ஐந்தும் கட்டம் போட்டவை. யார் மெயில் அனுப்பினாலும், அது புகாரோ வாழ்த்தோ வசவோ, ஒரே சொல்லில் பதில் போடுவான்: "வந்தது." அதற்குப் பிறகுதான் படிப்பான். அதனால் அவனுக்கு அலுவலகத்தில் பெயரே 'வந்தது' என்றாகிவிட்டது. "வந்தது வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். "வந்தது இன்னிக்கு வரலை" என்று பதில் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் விழிப்பார்கள்.

ஆரம்பித்ததை முடிக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. நீச்சல் கற்கப் போனான், மிதக்கக் கற்றதும் நின்றுவிட்டான். என் வீட்டு ஹாலுக்கு வெளிர்பச்சை அடிக்க வந்து மூன்று சுவர்களை முடித்தான். நாலாவதை அடுத்த வாரம் அடிப்பதாகச் சொன்னான். அது ஆறு வருடத்துக்கு முந்தைய அடுத்த வாரம்.

இந்த வருடம் கம்பெனி தன் மெயில்களைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்ற முடிவெடுத்தது. இருநூற்றுப் பதின்மூன்று பேர். எல்லோரையும் ஒரே நாளில் மாற்ற முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அண்ணன் முதலில் தன்னையே மாற்றிக்கொண்டான். அடுத்தடுத்த வாரங்களில் ஸ்டோர், வரவேற்பு, மெக்கானிக்குகள். வேலை அட்டவணை போடும் எங்கள் பிரிவு கடைசி.

ஸ்டோர்கீப்பர் புதிய சர்வருக்கு மாறிய வாரத்தில், நான் அவருக்கு ஒரு கதவு ரோலர் கேட்டு எழுதினேன். மெயில் போய்விட்டதாக என் திரை காட்டியது. திரும்பி வரவில்லை. அவருக்குப் போய்ச் சேரவும் இல்லை. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் நாலு நாள் எல்லோரும் படியேறினார்கள். மீட்டிங் கூட்டி, பதினோரு பேர் முன்னால் மேனேஜர் என்னைக் கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "என்னைக் கேட்டா எப்படி சார்? எங்க அண்ணன் எதை ஆரம்பிச்சு முடிச்சிருக்கான்? வந்து எங்க வீட்டுச் சுவரைப் பாருங்க" என்றேன்.

பதினோரு பேரும் சிரித்தார்கள். அங்கேயே உட்கார்ந்திருந்த அண்ணன் சிரிக்கவில்லை. "பாக்கறேன் சார்" என்று நோட்டை மூடிக்கொண்டு போனான். அதன்பிறகு ஐந்து வாரம் என்னோடு பேசவில்லை.

கோளாறை அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டான். மறுநாள் நான் ஸ்டோருக்கு ரோலரை வாங்கப் போனபோது, ஸ்டோர்கீப்பரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அனுப்பிட்டேன்னு உன் தங்கச்சி காட்டுது. எனக்கு வரலை. நடுவுல யாருப்பா தின்னது?"

"யாரும் தின்னலைண்ணே. நீங்க வீடு மாறிட்டீங்க. பழைய வீட்டு வாசல்ல உங்க பேரை நான் எடுக்கலை. பழைய சர்வர் பேரைப் பாத்துது, உள்ள போட்டுது, 'சேர்த்தாச்சு'ன்னு எழுதி வெச்சுது."

"காலி வீட்டுலயா?"

"காலி வீட்டுலதான். பூட்டியிருந்தா திருப்பி அனுப்பியிருக்கும். தொறந்து கெடந்துது."

"அப்ப தப்பு யாரு மேல?"

"என் மேலதான்."

"அப்பாடா. ராத்திரி பூரா நான் என் மேலன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

நான் ரோலரை வாங்கிக்கொண்டு வந்தேன். அண்ணன் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருந்தும் அவனே கண்டுபிடித்தான். மாறிப்போன ஒவ்வொருவருடைய பழைய பெட்டியிலும் புதிய முகவரியை எழுதிவைக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே விழுந்து கிடப்பதை அள்ளிப் புதிய பெட்டியில் சேர்க்க வேண்டும். கம்பெனியின் பெயர்ப்பட்டியலை அச்செடுத்து இரண்டாவது மாடி அறைக் கதவில் ஒட்டினான். ஒருவரை முடித்ததும் பழைய சர்வரிலிருந்து அவருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டு, "வந்துதா?" என்று கேட்பான். வந்தது என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் சிவப்புப் பேனாவில் டிக். ஸ்டோர்கீப்பர் மட்டும், "வந்துது. உனக்குக் கல்யாணம் எப்போ வரும்?" என்று கேட்டாராம். அதற்கும் டிக் விழுந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது கேபிள் அக்கா. அதே அறையில் நெட்வொர்க் பார்க்கிறவர், அண்ணனைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவனைப் பற்றி விசாரிக்காமல் விசாரிப்பதை அவர் கண்டுகொள்ளாமல் கண்டுகொண்டார்.

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை மதியம் நானே அவனுக்கு எழுதினேன். அலுவலகத்தில் எல்லோரும் அவனுக்கு 'உதவி' என்ற பொதுப் பெட்டிக்குத்தான் எழுதுவார்கள். அதைக் கேபிள் அக்காவும் படிப்பார் என்பதால் நான் அவன் சொந்தப் பெயருக்கு எழுதினேன். "அண்ணா, அன்று நான் சொன்னது தப்பு. எல்லோர் முன்னாலும் சொன்னது அதைவிடத் தப்பு. சுவர் அப்படியே இருந்தாலும் பரவாயில்லை. பேசு."

பதில் வரவில்லை. வசவுக்குக்கூட 'வந்தது' என்று போடுகிறவன் எனக்கு அந்த ஒரு சொல்லையும் போடவில்லை. சனிக்கிழமை முழுக்க அதையே நினைத்துக்கொண்டு துணி துவைத்தேன். ஏற்கெனவே துவைத்ததையும் துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அண்ணன். கையில் பெயிண்ட் டப்பா, பழைய பிரஷ்.

"அதே கலரா?" என்றேன்.

"டப்பால அப்படித்தான் எழுதியிருக்கு."

என் கணவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். "மச்சான், அடுத்த வாரம் வந்துடுச்சா?"

"இன்னிக்குத்தான் வந்துது மாப்ள. வழியில கொஞ்சம் லேட்டு."

நாலு மணிவரை அடித்தான். நிறம் சேரவில்லை. ஆறு வருடத்தில் மற்ற மூன்றும் வெளிறிப்போயிருந்தன. நாலாவது மட்டும் அடுத்த வீட்டுச் சுவர் மாதிரி நின்றது. பிரஷைக் கழுவிக்கொண்டே, "முடிஞ்சுது. இனிமே மீட்டிங்ல சொல்றதுக்கு வேற ஏதாவது பாத்துக்கோ" என்றான்.

"நீ இருக்கறப்போ எனக்கென்ன பஞ்சம்" என்றேன்.

சிரித்தான். மெயிலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பதிலுக்குப் பதிலாக ஒரு சுவர் என்று எடுத்துக்கொண்டேன். படித்துவிட்டான், மன்னித்துவிட்டான், அதனால்தான் வந்தான். திங்களும் செவ்வாயும் மாடிப்படியில் பார்த்தபோது பேசினான். புதன்கிழமை ஸ்டோர்கீப்பர் மேலே வந்தார்.

மூன்று வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். மிச்சமிருந்தவர்களைக் கேபிள் அக்கா புதிய சர்வருக்கு மாற்றிவிட்டிருந்தார், என்னையும் சேர்த்து. இன்று மதியம் போனில் கூப்பிட்டார்.

"கீழ வாம்மா. லிஃப்ட் ஓடுது."

அவர் திரையில் அண்ணனின் பழைய பெட்டி திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு மெயில், என்னுடையது. தடித்த எழுத்தில் இருந்தது.

"நான் தொறக்கலை. தொறக்காத மெயில்தான் தடியா தெரியும்" என்றார். "அவன் எல்லாருக்கும் முன்னாடி மாறினவன். மத்தவங்க பெட்டியெல்லாம் சரி பண்ணினான், தன்னோடத பண்ணலை. நான் கேட்டேன். 'எம்பேருக்கு யாருக்கா எழுதப்போறாங்க? கடைசில பாத்துக்கலாம்'னான்."

தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு பத்து. பக்கத்தில், 'சேர்த்தாச்சு'.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அவன் எதையும் படிக்காமல்தான் வந்திருக்கிறான். நான் மன்னிப்புக் கேட்டது அவனுக்குத் தெரியாது. நான் மீட்டிங்கில் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, டப்பாவை வாங்கிக்கொண்டு, வந்திருக்கிறான்.

"புதுப் பெட்டிக்கு அனுப்பிடவா? அனுப்பினா டிக் போட்டுடலாம். மாசக் கடைசியில பழைய மெஷினை நிறுத்தணும்" என்றார் கேபிள் அக்கா.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பட்டியல் இன்னும் அந்தக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. இருநூற்றுப் பதின்மூன்று பெயர்கள். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே சிவப்பு டிக். நூற்று எழுபத்தொன்று அவன் போட்டது, மீதி அக்கா போட்டது. ஒன்றாம் எண்ணில் அவன் பெயர் இருக்கிறது. அதற்கு எதிரே டிக் இல்லை.